ஒரு மைதானம், நான்கு அணிகள்

இந்த இதழின் கேள்வி–பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இளைஞர்கள் கூடி நடத்தும் விளையாட்டுச் சங்கங்களைப் பற்றியவை. ஒரு விளையாட்டுக்காகத் தொடங்கிய சங்கம் மூன்று, நான்கு அணிகளாக விரியும்போது எழும் சிக்கல்களே அவற்றில் மிகுதியாக இருப்பதால், இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*ஐயா, எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கபடிக்காகத் தொடங்கப்பட்டது. இப்போது டென்னிஸ் பந்து கிரிக்கெட், வாலிபால், பெண் பிள்ளைகளின் கோ-கோ என்று நான்கு அணிகள் இருக்கின்றன. இருப்பதோ அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒரே மைதானம். சங்கத்தை வளர்த்தவர்கள் நாங்கள், ஆகவே மாலை நேரம் எங்களுக்கே என்று கபடி அணியினர் சொல்கிறார்கள். கோ-கோ பிள்ளைகள் இரண்டு மாதமாக மைதானத்துக்கு வரவே இல்லை. என்ன செய்யலாம்?*
— சங்கச் செயலாளர், மேலூர் வட்டாரம்

உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருக்கும் செய்திதான் எனக்கு முதன்மையானதாகப் பட்டது. ஓர் அணி சண்டை போட்டால் அதைப் பேசித் தீர்க்கலாம். பேசாமல் வீட்டிலேயே நின்றுவிட்ட அணியைத் திரும்ப அழைத்து வருவதுதான் கடினம். ஆகவே இந்த வாரமே செயற்குழுவைக் கூட்டுங்கள். அந்தப் பிள்ளைகளில் இருவரையும் அவர்களுடைய தாய்மார்களையும் அழைத்து உட்கார வையுங்கள்.

சங்கத்தின் சொத்து எது என்று கேட்டால் எல்லோரும் கோப்பைகளையும் வங்கி இருப்பையும் காட்டுவார்கள். நான் மைதான நேரத்தைத்தான் சொல்வேன். பணம் குறைந்தால் ஊரில் வசூல் செய்து ஈடுகட்டலாம். போன மாலைப்பொழுதை யாராலும் வசூலித்துத் தர முடியாது. அதனால் பணத்தைப் பிரிப்பதற்கு முன்பே நேரத்தைப் பிரித்து எழுதி, பொதுக்குழுவில் ஒப்புதல் வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும்.

அதற்கு முன்பு ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு மைதானத்தை அளந்துவிடுங்கள். ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. வாலிபால் ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் இடம் விட்டால் 24 மீட்டருக்கு 15 மீட்டர் ஆகிவிடும். கோ-கோ ஆடுகளம் 27 மீட்டருக்கு 16 மீட்டர். இந்த மூன்றையும் தாராளமாக இடைவெளி விட்டு அமைத்தாலும் முழு அளவுக் கால்பந்து மைதானம் ஒன்றின் பாதிக்குள் அடங்கிவிடும். ஆக, கபடியும் வாலிபாலும் கோ-கோவும் ஒன்றையொன்று தடுப்பதே இல்லை. மைதானம் முழுவதையும் வளைத்துக்கொள்வது கிரிக்கெட் ஒன்றுதான்; வேகமாக வரும் பந்து முதுகில் பட்டுவிடும் என்ற அச்சத்தோடு கோ-கோ ஆடும் எந்தப் பிள்ளையும் கம்பத்தைப் பிடித்துத் திரும்பி ஓட முடியாது. ஆகவே கிரிக்கெட்டை விடியற்காலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மாற்றுவதே முதல் வேலை. நான் பார்த்த அளவில் கிரிக்கெட் ஆடுபவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள்; ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தங்களுக்கு என்று உறுதியாக எழுதிக் கொடுத்தால் போதும்.

அடுத்தது வெளிச்சம். மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், ஆனியில் ஆறரையைத் தாண்டியும் வெளிச்சம் நிற்கும். பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பது நம் ஊர்களில் எழுதப்படாத விதி. அந்த விதி சரியா தவறா என்ற விவாதம் முடியும்வரை அவர்கள் ஆடாமல் காத்திருக்க முடியாது. எனவே பள்ளி விட்ட நேரம் முதல் இருட்டும்வரை உள்ள பகல் வெளிச்சம் முழுவதும் கோ-கோவுக்கு உரியது. கபடி அணியினரோ மின்னொளியில் ஆடிப் பழகியவர்கள். திருவிழா நாட்களில் இரவு முழுக்க மின்னொளிப் போட்டி ஆடும் அவர்களுக்கு, இரண்டு கம்பத்தில் நான்கு விளக்கு மாட்டிக் கொடுத்தால் ஆறரை முதல் எட்டரை வரை எந்தக் குறையும் இருக்காது. பங்குனி, சித்திரை மாதங்களில் மட்டும் நாலரை மணிக்கு மண் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மாதமும் கோ-கோவைக் காலை ஆறு மணிக்கு மாற்றிவிடுங்கள், பள்ளி விடுமுறையும் துணைக்கு வரும்.

இன்னொரு சிறிய செய்தியையும் சொல்ல வேண்டும். கபடி ஆடும் மண்ணை அவ்வணியினர் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பதமாக வைத்திருப்பார்கள். சில மாதங்களுக்கு முன் ஓர் ஊர்ச் சங்கத்துக்குப் போயிருந்தபோது, அந்தப் பதமான மண்ணுக்குப் பத்தடி தள்ளி, காரைத் துண்டும் உடைந்த பாட்டில் சில்லும் கிடந்த தரையில் கோ-கோ பிள்ளைகள் பாய்ந்து விழுந்து கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அதற்கடியில் கசிந்த இரத்தத்தைப் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டு மறுபடியும் போய் வரிசையில் குத்த வைத்து உட்கார்ந்தது. நேரத்தைச் சமமாகப் பிரித்து, தரையை இப்படி வைத்திருந்தால் அது பங்கீடே ஆகாது. கபடி அணியினர்தான் மண்ணின் நுட்பம் அறிந்தவர்கள். கோ-கோ தரையையும் அவர்கள் கையாலேயே கொத்திப் பதப்படுத்தித் தரச் சொல்லுங்கள். சங்கத்தை வளர்த்தவர்கள் என்ற பெருமையை அவர்கள் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

பள்ளி மைதானம் என்பதால், தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இந்த நேர அட்டவணையோடு சேர்த்து எழுத்து மூலமான அனுமதியை ஆண்டுதோறும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி, தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போகும் நாள்வரைதான் செல்லும்.

*சங்கத்தைப் பதிவு செய்வது அவசியமா? பதிவு செய்தால் மாவட்டப் போட்டிகளில் நேரடியாக ஆடலாம் என்கிறார்களே?*
— வாசகர், திருமங்கலம்

அவசியம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி, குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்கத்தின் நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அதன் பதவிக் காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. பதிவோடு வேலை முடிந்துவிடாது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை நிறைவேற்றி, உரிய படிவங்களோடு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். முதல் ஆண்டு உற்சாகமாகச் செய்துவிட்டு அடுத்தடுத்த ஆண்டுகளை விட்டுவிடும் சங்கங்கள், பிறகு ஒரு மானியத்துக்கோ இடத்துக்கோ விண்ணப்பிக்கும்போது தடுமாறி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாவட்டப் போட்டிகளைப் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் இரண்டு வேறு காரியங்களைக் குழப்பிக்கொண்டார்கள். சங்கப் பதிவு என்பது சட்டப்படியான அடையாளம் மட்டுமே. கபடிக்கு மாவட்டக் கபடிக் கழகம், வாலிபாலுக்கு மாவட்டக் கையுந்துபந்துக் கழகம் என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஒவ்வொன்றிலும் தனியாகத்தான் உறுப்பினராக வேண்டும். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைப்பதும் அப்படியே, அதற்கு வருமான வரித் துறையிடம் வேறு பதிவு வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் 15 முதல் 35 வயது வரையிலான பொதுப் பிரிவு இருக்கிறது. கபடி, சிலம்பம் உள்ளிட்ட விளையாட்டுகளில் அதன் வழியாக உங்கள் ஆட்டக்காரர்கள் மாவட்ட அளவிலேயே களம் காணலாம்.

*கபடி அணி திருவிழாப் போட்டிகளில் வெல்லும் பரிசுப் பணத்தை முழுவதும் அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். கேட்டால், எலும்பு முறிந்தால் சங்கமா வரும் என்று கேட்கிறார்கள். எங்களிடம் பதில் இல்லை.*
— பொருளாளர், உசிலம்பட்டி அருகே

அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பணத்தைக் கேட்க வேண்டும். எலும்பு முறிந்தால் சங்கம் வரும் என்று துணை விதியில் எழுதுங்கள்: சிகிச்சைக்கு எவ்வளவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு எவ்வளவு என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கூலி வேலைக்குப் போகும் ஒரு பையன் ஆறு வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பதை எண்ணிப் பார்க்காத சங்கத்துக்கு, அவன் வென்ற பணத்தில் பங்கு கேட்க உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன். அந்த உறுதியைக் கொடுத்த பிறகு, நுழைவுக் கட்டணமும் வண்டி வாடகையும் சங்கம் கட்டியிருந்தால் அந்தத் தொகை முதலில் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்கு, இரண்டு பங்கு ஆடியவர்களுக்கு என்பது எனக்கு ஏற்புடைய அளவு. விகிதம் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறலாம். போட்டிக்குப் போவதற்கு முன்பே அதைப் பேசி முடித்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமே கூடாது. கையில் பணம் வந்த பிறகு பேசினால் உறவு கெடும்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் நடந்த ஒன்று இன்றும் மனத்தை உறுத்துகிறது. நாங்கள் நடத்திய சங்கத்தின் பணம் முழுவதும் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் இருந்தது. அப்பழுக்கற்ற மனிதர் அவர், ஒரு ரூபாய்க்கும் கணக்கு வைத்திருப்பார். பொங்கல் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். துக்க வீட்டில் போய் சங்கப் பணத்தைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்த போட்டியை நிறுத்தினோம். நம்பி வந்த அணிகளுக்கு நான்தான் ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்த அவருடைய மனைவி, “பந்து 2, சுண்ணாம்பு 1 மூட்டை, விசில் 1” என்று கடைசிப் பக்கம்வரை எழுதியிருந்த நோட்டோடு, மாதங்கள் கழித்து, முழுத் தொகையையும் தாமே கொண்டுவந்து கொடுத்தார். தவறு எங்களுடையது. சங்கத்தின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து, ரசீதுப் புத்தகம் ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு மாதமும் நடத்தாதீர்கள்.

பொருளாளர் பதவி, அதிகமாகச் சம்பாதிக்கும் அணியைச் சேர்ந்தவரிடம் இருக்க வேண்டாம் என்பது கூடுதலாக ஒரு யோசனை.

*அம்மாவாகக் கேட்கிறேன். என் மகளுக்கு 13 வயது. சங்கத்தில் கோ-கோ ஆடுகிறாள், பள்ளியில் ஓட்டப் பந்தயத்திலும் ஓடுகிறாள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் முன்னேற முடியும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். உண்மையா?*
— வாசகி, வாடிப்பட்டி

அம்மா, 13 வயதில் அந்த முடிவை எடுக்க வேண்டியதில்லை. வளரும் உடம்பு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒரே மூட்டும் ஒரே தசைநாரும் தேய்கின்றன. இரண்டு மூன்று விளையாட்டுகள் ஆடும் பிள்ளைக்கு அந்தச் சுமை பரவிப்போகிறது. கோ-கோவில் சட்டென்று எழுந்து திசை மாறிப் பாயும் பழக்கம் ஓட்டக்காரிக்குத் தொடக்க வேகத்தைத் தரும்; ஓட்டப் பயிற்சி தரும் மூச்சு கோ-கோவில் கடைசி நிமிடத்தில் கைகொடுக்கும். பல அணிகள் உள்ள சங்கத்தின் பெரும் பயனே இதுதான்.

நம் மதுரை மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, பாட்டியின் உழைப்பில் வளர்ந்தவர். பள்ளி இறுதிக் காலத்தில், காலில் ஷூ கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பயிற்சியாளர் கண்ணன் அவரைக் கண்டுபிடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். முறையான பயிற்சி அந்த வயதில் தொடங்கியும் ஒலிம்பிக் களம்வரை போக முடிந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன.

இரண்டு செய்திகளில் மட்டும் கண்ணாக இருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது எந்தப் பயிற்சியும் இல்லாமல் அவள் ஓய்வெடுக்க வேண்டும். இரண்டு பயிற்சியாளர்களும் ஒருவரோடொருவர் பேசி, ஒரே நாளில் இருவரும் கடும் பயிற்சி கொடுக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நாட்களில் பிள்ளை தன் நிலையைத் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு பெண், பயிற்சியாளராகவோ உதவியாளராகவோ மைதானத்தில் இருக்கிறாரா என்பதையும் சங்கத்தாரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

*ஆட்டத்தில் கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டு நீவிவிடுவதுதான் எங்கள் வழக்கம். சரிதானா?*
— வாசகர், அலங்காநல்லூர்

வேண்டாம். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் நீவுவதும் ஒத்தடச் சூடு வைப்பதும் வீக்கத்தை அதிகப்படுத்தும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து, கட்டுத் துணி சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். முழங்காலில் ‘டப்’ என்ற சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கி, நடக்கும்போது கால் நழுவுவது போலத் தோன்றினால் அது தசைநார் கிழிவாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் மறுபடியும் களத்தில் இறக்கினால் அந்தப் பையனின் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். தலையில் அடிபட்டவரை அன்றைக்கு மீண்டும் ஆட விடவே கூடாது. வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

*எங்கள் அணிகளின் சட்டையில் சமூகத் தலைவரின் படத்தைப் போட வேண்டும் என்று நன்கொடையாளர் ஒருவர் சொல்கிறார். நான்கு அணிக்கும் அவரே சட்டை எடுத்துத் தருகிறாராம்.*
— பெயர் வேண்டாம், மதுரை கிழக்கு

மறுத்துவிடுங்கள். கபடிப் போட்டிக்கு அனுமதி கோரிய வழக்குகளில், ஆடுபவர்களின் சட்டையில் சாதி அடையாளமோ தலைவர்களின் படமோ இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கபடியில் பிடிப்பவர்கள் கையோடு கை கோத்துச் சங்கிலி போட்டுத்தான் பாடி வருபவனை மடக்க வேண்டும். பக்கத்துத் தெருப் பையன் அந்தப் படத்தைப் பார்த்ததும் அணிக்கு வருவதை நிறுத்திவிடுவான். அந்தச் சங்கிலியில் ஒரு கை குறையும். நான்கு அணிக்கும் ஒரே நிறத்தில், ஊர்ப் பெயர் மட்டும் பொறித்த சட்டையை உறுப்பினர் சந்தாவிலேயே எடுங்கள். ஓர் ஆண்டு தாமதமானாலும் பரவாயில்லை.

*மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி பார்த்ததிலிருந்து எங்கள் பையன்களுக்கு ஹாக்கி ஆசை வந்துவிட்டது. மண் தரையில் தொடங்கலாமா?*
— வாசகர், ஒத்தக்கடை

2025 நவம்பர், டிசம்பரில் 24 நாடுகள் சென்னையிலும் மதுரையிலும் ஆடிய அந்தப் போட்டியில் ஜெர்மனி கோப்பையை வென்றது, இந்தியா அர்ஜென்டினாவைத் தோற்கடித்து வெண்கலம் பெற்றது. மதுரையில் நடந்த ஆட்டங்களை ரேஸ்கோர்ஸ் பக்கம் போய் நேரிலேயே பார்த்த பையன்களுக்கு ஆசை வராவிட்டால்தான் வியப்பு. மண் தரையில் தாராளமாகத் தொடங்கலாம். கோவில்பட்டியில் ஹாக்கி வேரூன்றியதே மண் தரையில்தான், செயற்கைப் புல்தரை அங்கே பிற்காலத்தில் வந்தது. அந்த ஊர் மாரீஸ்வரன் இந்திய அணிக்கே ஆடினார். முழு மைதானத்துக்கு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் வேண்டும் என்பதால், ஐவர் ஹாக்கியாகச் சிறிய இடத்தில் தொடங்குங்கள். பந்தை நிறுத்துவதும் தள்ளுவதும் கைவந்த பிறகு, புல்தரையில் மாதம் சில நாள் பயிற்சிக்கு மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். ஆனால் வாரம் மூன்று நாள், ஆண்டு முழுவதும் உடன் நிற்கும் ஒருவர் கிடைக்கும்வரை புதிய அணியை அறிவிக்க வேண்டாம். மட்டை வாங்கிவிட்டு ஆள் இல்லாமல் போனால், மற்ற அணிகளிடமிருந்து எடுத்துக் கொடுத்த மைதான நேரமும் வீணாகிவிடும்.

*எனக்கு 38 வயதாகிறது. முழங்கால் வலியால் கபடியை விட்டுவிட்டேன். மாலையானால் மைதானத்து ஓரத்தில் போய் நிற்கிறேன், கூச்சமாக இருக்கிறது. இனி எனக்குச் சங்கத்தில் என்ன வேலை?*
— முன்னாள் ஆட்டக்காரர், செல்லூர்

கபடி ஆடுபவர்களுக்குச் சிலை வைத்திருக்கும் பகுதியிலிருந்து எழுதுகிறீர்கள், கூச்சப்பட என்ன இருக்கிறது? நடுவர் தேர்வு எழுதுங்கள். மாவட்டக் கழகத்தில் விசாரித்தால் விவரம் தருவார்கள். ஊர்ப் போட்டிகளில் சண்டை பெரும்பாலும் நடுவரின் தீர்ப்பில்தான் தொடங்குகிறது. போனஸ் கோட்டை மிதித்தானா, தாண்டினானா என்பதை ஆடிப் பழகிய கண் பார்த்துச் சொன்னால் இரு தரப்பும் அடங்கும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளை மாலை சீக்கிரமே போய், கோ-கோ பிள்ளைகள் வருவதற்கு முன், அவர்கள் விழும் தரையில் கிடக்கும் கற்களைப் பொறுக்கிவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டு வையுங்கள்.